தொப்பிக்குள் அடங்காத முடி

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதையே ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லிக்கொடுக்கிற நீச்சல் வகுப்பில் இருந்த ஒரே கறுப்பினப் பெண், பதின்மூன்று வயதுப் பிள்ளை, தொப்பிக்குள் முடி அடங்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டாள், “பெரிய தொப்பி வாங்கிக்கொள் என்றேன், அதற்கு மேல் நான் என்ன செய்ய” என்று கேட்டாய். முடி மட்டுமே காரணமாக இருக்காது பாப்பா.

நீ நீந்தப் பழகிய நாட்களை யோசித்துப் பார். கோச் நல்ல மனிதர்தான், ஆனால் ஆண். மாதத்தில் மூன்று நாள் உனக்குக் கால்வலி வந்துவிடும். அடுத்த வருஷம் சொல்லிக்கொடுக்க ஒரு அக்கா வந்தாரே, அப்புறம் அந்தக் கால்வலி வரவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு அக்கா உங்கள் குளத்தில் இல்லை.

நீ இருக்கிற அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பினத்தவரைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வைத்திருந்தார்கள். 1964-இல் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு விடுதியின் குளத்தில் இறங்கிப் போராடியபோது, விடுதியை நடத்தியவர் அமிலத்தைக் கொண்டுவந்து குளத்தில் ஊற்றினார். பாட்டி இறங்கவில்லை, அதனால் அம்மாவுக்கும் நீச்சல் தெரியாது என்ற வீடுகள் அங்கே எத்தனையோ. நீச்சலில் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை ஒரு கறுப்பினப் பெண் வெல்ல 2016 வரை ஆனது. ரியோவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வென்ற சிமோன் மானுவல், உன் ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஷுகர் லேண்டில் வளர்ந்தவள்தான். அதற்குப் பிறகும், 2021-இல், அடர்ந்த முடிக்கென்றே செய்த தொப்பிக்குச் சர்வதேச நீச்சல் சம்மேளனம் அனுமதி தரவில்லை, தலையின் இயல்பான வடிவத்துக்கு அது பொருந்தவில்லையாம். யாருடைய தலையை வைத்துச் சொன்னார்கள்? அடுத்த வருஷம்தான் ஒப்புக்கொண்டார்கள்.

சுவரில் சிமோன் படம் ஒட்டினால் போதும் என்று நினைக்காதே. படத்திடம் போய் குளோரின் தண்ணீருக்கு அப்புறம் தலையில் என்ன தடவுவது, போட்டிக்கு முன்னால் எப்படிப் பின்னுவது என்றெல்லாம் கேட்க முடியுமா? பக்கத்துக் கல்லூரிகளில் நீந்துகிற கறுப்பினப் பெண் ஒருத்தியைத் தேடிப் பிடி, வாரம் இரண்டு நாள் உன்னோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கச் சொல், சம்பளம் கொடுத்துக் கூப்பிடு. முதலில் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் போய்ப் பார். விளக்கம் சொல்லப் போகாதே, உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேள்.

அவள் திரும்ப வந்தால் உடனே போன் பண்ணு, இங்கே நடு ராத்திரியாக இருந்தாலும் சரி.

அம்மா