பிச்சாவரத்துக் காட்டின் கார்பன் கணக்கு ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும் தமிழ்நாடு பசுமை காலநிலை நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

அலையாத்திக் காடு தன் மண்ணுக்குள் கார்பனைச் சேர்த்து வைக்கிறது, அதை அளந்து கணக்குக் காட்டினால், அந்தக் கணக்கைக் கார்பன் வரவாக நிறுவனங்களுக்கு விற்று வருமானமும் பார்க்கலாம் என்று இப்போது பல இடங்களில் பேச்சு அடிபடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்த அளவை யார் எடுப்பது? வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து, நாலு நாள் படகு பிடித்துச் சுற்றி, கணக்கோடு கிளம்பிப் போகும் ஏற்பாடு மட்டும் வேண்டாம்.

எங்கள் பிச்சாவரத்து அலையாத்திக் காடு மீண்டு வந்ததே கூட்டு வேலையால்தான். முன்பு கூப்பு முறையில், அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை உள்வாங்கியது. ஏறிய ஓதத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, மண் உப்பேறிப் போனது. கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உங்கள் துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிய பிறகுதான் பச்சை திரும்பியது. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. அந்த வாய்க்கால்களில் எது தூர்ந்து கிடக்கிறது என்று கேட்டால், தினமும் நண்டுக்கும் இறாலுக்கும் போகிறவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

அளக்கிற வேலை ஒன்றும் அவர்களுக்கு எட்டாதது இல்லை. மரத்தின் சுற்றளவை வைத்துத்தான் அதில் இருக்கும் கார்பனைக் கணக்கிடுகிறார்கள். மற்ற காடுகளில் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப் பிடிப்பார்கள். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தில் தாங்கு வேர்கள் அந்த உயரத்தையும் தாண்டி நிற்கும். அதனால் உச்சி வேர் கிளம்பும் இடத்துக்கு 30 செ.மீ. மேலே பிடிக்க வேண்டும். சேற்றில் வேர் மேல் கால் வைத்து ஏறி நின்று அதைச் செய்ய, கையால் துழாவியே மீன் பிடிக்கும் இருளர்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? தில்லை மரத்தில் கீறல் விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அந்தப் பால் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதையும் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண் பரிசோதனைக்குத்தான் ஆய்வகம் வேண்டும். குழாயை ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி எடுத்த மண்ணைத் துண்டு போட்டு, உலர்த்தி, எடை பார்க்க வேண்டும். அதற்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கென்யாவின் காசி விரிகுடாவில் 'மிகோகோ பமோஜா' என்ற திட்டத்தில் வெறும் 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டை ஊர்க்குழுவே நடத்துகிறது. அந்நாட்டின் கடல், மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் துணை நிற்கிறது. கார்பன் விற்ற காசு ஊரின் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. பிச்சாவரம் அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பயிற்சி நாட்களுக்குக் கூலி கொடுங்கள். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். பெண்களையும் இருளர்களையும் குழுவில் முதலிலேயே சேருங்கள். அளவுப் பதிவேடு தமிழில் இருக்கட்டும், ஒரு பிரதி ஊரிலும் இருக்கட்டும். வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிக்காமல் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போடாதீர்கள். கார்பனைக் காக்கிறோம் என்று சொல்லி மீன்பிடிக்கிற வாய்க்காலை அடைத்துவிடவும் கூடாது.

பொங்கல் கழிந்து மழைத் தண்ணீர் வடிந்ததும் கிள்ளையில் முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள். வனவரும் பல்கலைக்கழக ஆசிரியரும் வரட்டும், எங்கள் ஆட்கள் படகோடு வருவார்கள்.

இப்படிக்கு,
கிள்ளை வட்டாரத்திலிருந்து ஒருவர்