ரவுட்டர் மென்பொருள் மாற்றத்தில் நேர்ந்த தவறும் அதை மறைக்கும் பணி அறிக்கையும்: புகார்

அனுப்புநர்
மேலாளர், கணினிப் பிரிவு,
ஏலக்காய் கொள்முதல் மற்றும் ஏற்றுமதி நிறுவனம்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வலையமைப்புப் பராமரிப்பு நிறுவனம்,
சென்னை.

பொருள்: பணி அறிக்கையைத் திருத்தவும், இரண்டாம் வருகைக்கான பில்லை ரத்து செய்யவும் கோருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் தலைமை அலுவலகத்தைக் கிளைகளுடன் இணைக்கும் பிரதான ரவுட்டர் மூன்று ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்தின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்து வருகிறது. கடந்த வெள்ளிக்கிழமை மாலை அதன் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றத் தங்கள் பொறியாளர் வந்தார். மாற்றம் தோல்வியில் முடிந்து, அன்றிரவு 8.05 முதல் மறுநாள் நண்பகல் 12.10 வரை, பதினாறு மணி நேரம், தலைமை அலுவலகத்துக்கும் கேரளத்திலுள்ள வண்டன்மேடு, குமுளி, நெடுங்கண்டம் கிளைகளுக்கும் இடையே தொடர்பே இல்லாமல் போயிற்று. அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். ஆனால் திங்கட்கிழமை தாங்கள் அனுப்பிய பணி அறிக்கையில், ‘வாடிக்கையாளர் இடத்தில் ஏற்பட்ட மின் ஏற்ற இறக்கத்தால் ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆகி, நிறுவல் தடைப்பட்டது’ என்று எழுதியிருப்பதையும், இரண்டாம் வருகைக் கட்டணமாக ரூ.18,500-உம் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து ரூ.21,830 கேட்டிருப்பதையும் பார்த்த பிறகு, நடந்ததை எழுத்தில் வைப்பது அவசியமாகிவிட்டது.

ரவுட்டரின் உள் நினைவகத்தில் பழைய மென்பொருளும் புதியதும் சேர்ந்து இருக்க இடம் போதவில்லை. பழையதை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு அழிக்கலாமே என்று நான் சொன்னேன். தேவையில்லை என்று பொறியாளர் 7.31-க்கு அதை அழித்தார். 7.34-க்குத் தம் மடிக்கணினியிலிருந்து டிஎஃப்டிபி என்னும் எளிய கோப்பு நகலெடுப்பு முறை வழியாகப் புதிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினார். 600 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு, இருபது நிமிடமாவது ஆகும் என்று அவரே சொல்லியிருந்தார். இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. எப்படி என்று கேட்டேன். “உங்க நெட்வொர்க் நல்ல ஸ்பீடு சார்” என்றார். எங்கள் நெட்வொர்க்கை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. கிளைகள் அன்றைய கணக்கை முடிக்கும் வரை காத்திருந்து, 8.05-க்கு மறுதொடக்கக் கட்டளையைக் கொடுத்தார். அதன் பின் ரவுட்டர் எழவில்லை.

என்ன நடக்கிறது என்று பார்க்க, ரவுட்டரை மடிக்கணினியுடன் நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள் வேண்டும். கேபிள் அவரிடம் இருந்தது. ஆனால் அதை மடிக்கணினியின் யுஎஸ்பி துளையில் பொருத்தும் இணைப்பான் தேனியில் அவர் தங்கியிருந்த விடுதியில் இருந்தது. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் நண்பரை எழுப்பி இரவல் வாங்கி, திரையைப் பார்க்கும்போது மணி 10.40. ரவுட்டர், ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் தொடக்கநிலையிலேயே நின்றிருந்தது. நினைவகத்தில் இருந்த கோப்பின் அளவு 3,35,53,920 பைட். அந்தத் திரையைப் படம் எடுத்து இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

இந்த எண்ணைத் தாங்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். டிஎஃப்டிபி முறையில் கோப்பு 512 பைட் துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இடப்படும் வரிசை எண் 16 பிட் அளவே என்பதால், அது 65,535-ஐத் தாண்ட முடியாது. அதற்கு மேல் எண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தெரியாத பழைய நிரலை மடிக்கணினியில் வைத்திருந்தால், நகலெடுப்பு அங்கேயே நின்றுவிடும். 65,535-ஐ 512-ஆல் பெருக்கினால் கிடைப்பது 3,35,53,920. மின்சாரம் ஏறி இறங்கியதால் அறுந்துபோன கோப்பு இவ்வளவு கணக்காக, ஒரு பைட் கூடாமல் குறையாமல், அந்த எல்லையில் வந்து நிற்காது.

இதற்கு மேலும் சான்று வேண்டுமென்றால் எங்கள் பதிவு சர்வரில் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி 180 நாள் பதிவுகளைச் சேமித்து வைக்க வேண்டியிருப்பதால், ரவுட்டரின் ஒவ்வொரு பதிவும் தனியாக இன்னொரு கணினிக்கும் போய்ச் சேருகிறது. மின்சாரம் போய் நின்ற கருவி, நிற்கப் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டு நிற்பதில்லை. எங்கள் ரவுட்டரின் கடைசி வரியோ, இன்ன பயனரின் கட்டளைப்படி மறுதொடக்கம் செய்யப்படுகிறது என்று தெளிவாகச் சொல்கிறது. அது தங்கள் பொறியாளரின் பயனர் பெயர். போடியில் மின்தடை புதிதல்ல என்பது உண்மைதான். அதற்காகவே இரண்டு யுபிஎஸ் வைத்திருக்கிறோம். அன்று காலை முதல் நள்ளிரவு வரை இரண்டுமே பேட்டரிக்கு மாறவில்லை என்பதை அவற்றின் பதிவுகள் காட்டுகின்றன.

உற்பத்தியாளர் தம் தளத்தில் கோப்புடன் 128 எழுத்துகள் கொண்ட எஸ்ஹெச்ஏ-512 சரிபார்ப்புக் குறியீட்டையும் தருகிறார். கோப்பு குறைந்தாலோ மாறினாலோ குறியீடும் மாறிவிடும். ரவுட்டரில் ஒரு கட்டளை கொடுத்து, அங்குள்ள கோப்பின் குறியீட்டைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். மறுதொடக்கத்துக்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்று தாங்கள் எங்களிடம் கையெழுத்து வாங்கிய நடைமுறைத் தாளின் நான்காம் பத்தியிலேயே இருக்கிறது.

பழைய மென்பொருளைத் திரும்பப் பதிவிறக்கத் தங்கள் நிறுவனத்தின் கணக்கால் மட்டுமே முடியும். 24 மணி நேர உதவி எண்ணை இரவு 10.55-க்கு அழைத்தோம். மூன்றாம் நிலை முன்னுரிமை என்று பதிவு செய்துகொண்டு, மறுநாள் காலை 9.30-க்குத்தான் திரும்ப அழைத்தார்கள். கோப்பு கைக்கு வந்தபோது மணி 11.20.

சனிக்கிழமை புத்தடியில் ஏலம். எந்தக் கிளையில் எந்தத் தரம் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எங்கள் ஆள் விலை கேட்பார். பட்டியலைத் தாளில் எடுத்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மங்கலான படத்தில் 7 மில்லிமீட்டர் காயின் இருப்பை 8 மில்லிமீட்டருக்கு உரியதாகப் படித்து, பெரிய காய் போதிய அளவு இருக்கிறது என்று எண்ணி, நல்ல பருமனான சரக்கு ஒன்றை அவர் கேட்காமலே விட்டுவிட்டார். வண்டன்மேட்டிலிருந்து போடிக்கு வர வேண்டிய லாரி வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் எல்லையிலுள்ள கம்பம்மெட்டில் நின்றது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க ஈ-வே பில் என்ற மின்னணு அனுப்புச் சீட்டு வேண்டும்; ஏலக்காயில் ஒரு மூட்டையே அந்த வரம்பைத் தாண்டிவிடும்; அந்த பில்லுக்கு வேண்டிய இன்வாய்ஸ் எண்ணோ தலைமை அலுவலக சர்வரில் பிறக்க வேண்டியது. ஐப்பசிப் பனியும் மழையும் எங்கள் சரக்குக்கு எதிரி. ஈரம் ஏறினால் காயின் பச்சை வெளிறும், பச்சைக்குத்தான் விலை. நல்லவேளையாக உள்ளே பாலித்தீன் போட்ட மூட்டைகள் என்பதால் தப்பினோம்.

பழைய பதிப்பில் ரவுட்டர் எழுந்த பின், ஞாயிற்றுக்கிழமை தங்கள் இன்னொரு பொறியாளர் வந்து புதிய பதிப்பை முறையாக நிறுவினார். இதைத்தான் இரண்டாம் வருகை என்று பில் போட்டிருக்கிறீர்கள். அன்றும் குமுளி, நெடுங்கண்டம் விபிஎன் (இணையம் வழியான பாதுகாப்பான தனி) இணைப்புகள் மாலை வரை வரவில்லை. அங்குள்ள பழைய ரவுட்டர்களில் 3டிஇஎஸ் என்ற பழைய மறையாக்க முறை இருந்தது. பலவீனமானது என்று புதிய பதிப்பு அதை ஏற்கவில்லை. ஏற்காததில் தவறில்லை. ஆனால் அது பதிப்புடன் வந்த குறிப்புகளில் எழுதப்பட்டிருந்த செய்தி. வருவதற்கு முன் ஒருவர் படித்திருக்க வேண்டும்.

முதல் நாள் வந்த பொறியாளர் மீது நடவடிக்கை எடுக்குமாறு நான் கேட்கவில்லை. இளைஞர், இரவு முழுவதும் எங்களோடு உட்கார்ந்திருந்தார், “கோப்பைச் சரிபார்க்காதது என் தப்புதான் சார்” என்று விடியற்காலையில் அவரே சொன்னார். அவர் ஒப்புக்கொண்டதை அறிக்கையில் மின்சாரத்தின் மீது ஏற்றியது யார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த அறிக்கை அப்படியே எங்கள் கோப்பில் இருந்தால், நாளை தணிக்கைக்கு வருகிறவர் எங்கள் மின் இணைப்பைக் குறை சொல்வார். யுபிஎஸ் மாற்றும் வீண் செலவுக்கு நான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே, உண்மையான காரணத்தைக் குறிப்பிட்டுத் திருத்திய அறிக்கையையும், ரூ.21,830-க்கான பில்லை ரத்து செய்ததற்கான கடிதத்தையும் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ரவுட்டரில் இப்போது ஓடும் பதிப்பின் கோப்பு, அதன் சரிபார்ப்புக் குறியீட்டுடன் ஒரு பிரதி எங்களிடமே இருக்க வேண்டும். வண்டன்மேடு கிளை ரவுட்டரை மாற்ற அடுத்த மாதம் ஆள் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏலம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகத் தேர்ந்தெடுத்து, வருபவரிடம் யுஎஸ்பி இணைப்பானையும் மறக்காமல் கொடுத்து அனுப்புங்கள். வண்டன்மேட்டில் நள்ளிரவில் கதவைத் தட்ட எனக்கு நண்பர்கள் இல்லை.

பதிவு சர்வரின் பக்கங்களும், யுபிஎஸ் பதிவுகளும், திரையின் படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலாளர், கணினிப் பிரிவு
போடிநாயக்கனூர்