ஸ்ட்ரோலரை விமான வாசலிலேயே கொடுங்கள்: ஒரு விமான நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமான நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. வளைகுடாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பறக்கிற எந்த நிறுவனமாவது “இது நமக்குத்தான்” என்று எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷமே. என் புகார் உங்களிடம் இருக்கிறது, நடந்ததை முழுக்க மறுபடி சொல்லத் தேவையில்லை. “உங்கள் கருத்துக்கு நன்றி” என்ற உங்கள் பதிலும் வந்து சேர்ந்தது. நான் அனுப்பியது கருத்து அல்ல, கோரிக்கை.

அந்தக் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஏறும்போது விமான வாசலில் எங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிற ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையின் தள்ளுவண்டியை, இறங்கும்போதும் விமான வாசலிலேயே திருப்பிக் கொடுங்கள். பெட்டிகள் சுற்றி வரும் பெல்ட்டில் வேண்டாம்.

கணவருக்கு லீவு கிடைக்காது, பள்ளி விடுமுறையும் காத்திருக்காது. அதனால் அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாக ஊருக்கு வருவது இந்தத் தடத்தில் புதிதல்ல. அன்று என்னோடு நான்கு வயது மகளும் ஒன்றரை வயது மகனும். தோளில் ஒரு பை. அதில் டயப்பர், வெட் வைப்ஸ், ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத் துணி, வேளைக்கு ஒன்றாகப் பால் பவுடர் பிரித்துப் போட்ட டப்பா, வெந்நீர் ஃப்ளாஸ்க், வாந்தி வந்தால் பிடிக்க இரண்டு கேரி பை. இதில் எதை வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே இறங்கினோம். மகன் நல்ல தூக்கம். வாசலில் ஸ்ட்ரோலரைக் கேட்டேன். “பெல்ட்ல வந்துரும் மேம்” என்று சிரித்த முகத்தோடு பதில் வந்தது. பெல்ட் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். படியிறங்கி, பஸ் ஏறி, நீளமான நடையைக் கடந்து, இமிக்ரேஷன் வரிசையில் நின்று முடித்த பிறகுதான் அது கண்ணிலேயே படும்.

தூங்குகிற பிள்ளை எவ்வளவு கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும். ஒரு தோளில் அவன், மறு தோளில் பை. வரிசை நகர்கிற அழகைப் பார்த்து மகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் “அம்மா, ஒண்ணுக்கு” என்றாள். போனால் வரிசை போய்விடும், போகாவிட்டால் மாற்றுத் துணிக்கு வேலை வந்துவிடும். முன்னால் நின்றவர் நல்ல மனிதர், இடத்தைப் பார்த்துக்கொண்டார். கவுன்டரில் மூன்று பாஸ்போர்ட்டையும் ஒரு கையால் எடுத்துப் பிரித்து நீட்டினேன். அதிகாரி பையன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் கடமை அது, குறை சொல்லவில்லை. தோளில் புதைந்திருந்த முகத்தைத் திருப்பினேன். அத்தோடு தூக்கம் போயிற்று. அடுத்த அரை மணி நேரம் அந்தக் கூடமே அவன் குரலைக் கேட்டது.

பெல்ட்டில் எங்கள் வண்டி பெட்டிகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது, முன்சக்கரம் ஒன்று உடைந்து. அதற்கு ஐந்தடி தள்ளி இலவச டிராலிகள் வரிசையாக நின்றன. அதாவது, வண்டி தேவைப்படுகிற தூரம் முழுவதையும் நடக்க விட்டு, தேவை தீர்ந்த இடத்தில் கையில் கொடுக்கிறீர்கள். பந்தி முடிந்த பிறகு இலை போடுகிற கணக்கு.

இது முடியாத காரியமும் அல்ல. வாசலில் வாங்கிய வண்டி மற்ற பெட்டிகளுக்குப் பிறகுதான் சரக்கறைக்குள் போகிறது. இறங்கும்போது அது கதவருகேதானே இருக்கும்? சக்கர நாற்காலி கேட்ட பயணிகளுக்கு வாசலிலேயே ஆள் வந்து நிற்கிறார். அப்படித்தான் நிற்கவும் வேண்டும். ஆக, சக்கரம் வைத்த ஒன்று விமான வாசல் வரை வர முடியும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

“கேபினுக்குள் வைக்கும் ஸ்ட்ரோலர் வாங்கலாமே” என்று உங்கள் ஊழியர் யோசனை சொன்னார். பார்த்தேன். இந்த வகையில் பேர்பெற்ற யோயோ வண்டியை மடித்தால் ஏறக்குறைய 52×44×18 செ.மீ., எடை ஆறு கிலோவுக்கு மேல். பல நிறுவனங்கள் கைப்பைக்கு அனுமதிப்பதோ 55×35×25 செ.மீ., 7 கிலோ. வண்டியை ஏற்றிவிட்டால் டயப்பருக்கு மிஞ்சுவது ஒரு கிலோகூட இல்லை. அகலத்தில் 9 செ.மீ. இடிக்கிறது, அதை யார் செதுக்குவது என்று தெரியவில்லை.

உடைந்த சக்கரத்துக்கு, “சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்று அச்சடித்த டேக்கில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டினீர்கள். பின்னால் வரிசை நிற்க, இடுப்பில் பிள்ளையோடு யார் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்? இதைப் படிக்கிற மற்ற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: சர்வதேசப் பயணத்தில் பெட்டியோ வண்டியோ சேதமானால், மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். பெல்ட் பக்கத்திலேயே படம் எடுத்துவிட்டு, கையோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இருக்கைக் கதை தனி. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுங்கள் என்று இந்திய விமான நிறுவனங்களுக்கு, அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. உங்கள் வெப் செக்-இன் இன்னும் அதைக் கேள்விப்படவில்லை போலும். என் நான்கு வயது மகளைச் சில வரிசைகள் தள்ளித் தனியாக உட்கார வைத்தது. அருகில் வேண்டுமென்றால் பணம் கட்டு என்றது. உங்கள் விளம்பரத்தில் வருகிற அம்மா மட்டும் எப்படி கசங்காத புடவையில், சிரிக்கிற குழந்தையை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு நடக்கிறாள்? அவளுக்கு வாசலிலேயே கொடுத்துவிட்டார்கள் போல.

சரி, குரல் உயர்ந்துவிட்டது. பொறுத்தருளுங்கள். பணிவோடு மறுபடி கேட்கிறேன்: ஸ்ட்ரோலரை விமான வாசலில் கொடுங்கள். ஏதோ ஒரு விமான நிலையத்தில் உண்மையிலேயே வழியில்லை என்றால், அங்கே இறங்கும் இடத்தில் இரவல் வண்டிகள் சிலவற்றையாவது நிறுத்துங்கள். சிங்கப்பூர் சாங்கியில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அதுவும் இயலாது என்றால், எந்த ஊரில் வாசலில் கிடைக்கும், எந்த ஊரில் பெல்ட்டில் வரும் என்பதை டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பெல்ட்தான் என்று முன்பே தெரிந்தால் வண்டியைப் பெட்டிகளோடு போட்டுவிட்டு, பையனை பேபி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வருவேன். மகளைப் பிடிக்க ஒரு கையாவது மிஞ்சும்.

பள்ளி திறப்பதற்குள் இதே வழியில் திரும்ப வேண்டும். அதற்கு முன் உங்கள் முடிவைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளோடு தனியாகப் பயணம் செய்யும் ஒரு தாய்