அன்று நீ கேட்ட கேள்விக்கு

பிரியமுள்ள மகனே,

ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சுகம். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் ஒன்று கேட்டாள், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து ஒன்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "கர்த்தரே பார்வோன் இருதயத்தைக் கடினப்படுத்திவிட்டு, அப்புறம் அவனையே தண்டித்தால் என்ன நியாயம்?" அந்த வயதில் அப்படிக் கேட்க எத்தனை பிள்ளைகளால் முடியும்? அதற்குத்தான் இப்போது எழுதுகிறேன். ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. முழு அதிகாரமாக வாசி.

யாத்திராகமம் 7 முதல் 14 வரை கையில் பென்சிலோடு வாசி. எகிப்து ராஜாவான பார்வோன் இஸ்ரவேலரைப் போகவிட மறுத்ததும், கர்த்தர் அவன்மேல் வாதைகளை வரப்பண்ணினதும் அங்கேதான் இருக்கிறது. கடினப்படுத்தினது யார் என்று ஒவ்வொரு இடத்திலும் குறித்துக்கொள். முதல் ஐந்து வாதைகளில் ஒன்று இருதயம் கடினப்பட்டது என்று இருக்கும், இல்லையென்றால் அவனே கடினப்படுத்தினான் என்று இருக்கும். ஆறாவது வாதையான கொப்புளத்தில்தான், 9:12ல், கர்த்தர் கடினப்படுத்தினார் என்று முதன்முறை நடந்ததாக வருகிறது. அப்படிச் செய்வேன் என்று 4:21லும் 7:3லும் முன்னமே சொல்லியிருக்கிறாரே என்பாய். அதை நான் மறைக்கவில்லை.

நம் தமிழில் எல்லாமே "கடினம்"தான். எபிரெயத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. ஹாஸக் என்றால் இறுகுவது, காஷா என்றால் கெட்டிப்படுவது, காவேத் என்றால் பாரமாவது. பார்வோன் தானாகவே செய்துகொண்டதாக வாதைகளுக்குள் வரும் மூன்று இடங்களிலும் காவேத்தான், பாரமாக்கிக்கொண்டான் என்று. 8:15ல் தவளை செத்தபின், 8:32ல் வண்டுகள் நீங்கினபின், 9:34ல் கல்மழை நின்றபின். கஷ்டம் இருக்கும்வரை "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றவன், "இலகுவுண்டாயிற்று" என்று கண்டதும் மாறிப்போகிறான். அடி விழும்போது அல்ல, அடி நின்ற மறுநிமிஷம்தான் மனசு பாரமாகிறது. இதை நான் வெகு காலம் கவனிக்கவே இல்லை.

பிடிவாதக்காரரை வேதம் "வணங்காக் கழுத்து" என்றும் சொல்லும், அது உழவிலிருந்து வந்த பேச்சு. நுகத்தடிக்குக் கழுத்தைத் தாழ்த்தாத மாடு அது. ஓசியா 4:16ல் அடங்காத கிடாரி வருகிறது, சகரியா 7:11ல் நுகத்தை உதறும் தோள் வருகிறது. இரண்டு இடத்திலும் எபிரெயச் சொல் சோரேர். உபாகமம் 21:18ல் ஊர் மூப்பரிடம் இழுத்துக்கொண்டு போய்க் கல்லெறிந்து கொல்லச் சொன்ன அடங்காத மகனுக்கும் அதே சொல்தான். அந்தச் சட்டத்தை வாசித்து நீ பயந்திருப்பாய். யூதரின் வேத போதகர்களான ரபிகளும் பயந்தார்கள். தகப்பனும் தாயும் இருவருமே சம்மதிக்க வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவருக்குக் கை ஊனமானாலும், கால் முடமானாலும், ஊமையானாலும், குருடானாலும், செவிடானாலும் சட்டம் செல்லாது என்றார்கள். அப்படி ஒரு பிள்ளை இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்று தங்கள் சட்ட விளக்க நூலான தால்மூதில் எழுதி வைத்தார்கள். அவன் கல்லறைமேல் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்ன ரபி ஒருவரும் அதே பக்கத்தில் உண்டு. ஆனாலும் பெற்றவர்கள் பக்கம் எத்தனை முட்டுக்கட்டை போட்டார்கள் பார்.

முழு அதிகாரமாக வாசி என்றேனே, எண்ணாகமம் 20ஐயும் அப்படியே வாசி. ரெவிதீமில், யாத்திராகமம் 17ல், ஜனங்கள் தண்ணீருக்குத் தவித்தபோது, கன்மலையை அடி என்று கர்த்தர் மோசேக்குச் சொல்லியிருந்தார். எண்ணாகமம் 20ல், காதேசில், கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார். மோசே ஜனங்களைப் பார்த்து "கலகக்காரரே" என்று கத்திவிட்டு, கோலினால் இரண்டுதரம் அடித்தான். தண்ணீர் ஏராளமாய் வந்தது, ஜனங்களும் மாடுகளும் குடித்தன. பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக நடந்ததுபோல்தான் இருக்கும். "என்னை விசுவாசியாமற்போனீர்கள்" என்ற தீர்ப்பு, நாற்பது வருஷம் முறுமுறுத்த ஜனத்துக்கு அல்ல, அடித்தவனுக்கும் கூட நின்ற ஆரோனுக்கும் வந்தது. 24ஆம் வசனத்தில் கலகம்பண்ணினது நீங்கள்தான் என்றும் சொல்லிவிட்டார். மோசே ஜனங்கள்மேல் வீசின அதே சொல் அவன்மேலேயே திரும்பியது.

அன்று ராத்திரி உன்னைக் கலகக்காரன் என்றேன். கையும் ஓங்கினேன். பதில் எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. அதன்பின் மூன்று வருஷம் நீ வாய் திறக்காமல் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தாய். தண்ணீர் வந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கச்சி பிறந்தநாளுக்கு நீ கூப்பிடாதது அவளுக்கு மனசு கஷ்டம், அதையும் பார்.

யாத்திராகமம் 17ல் இன்னொன்றையும் பார்த்துக்கொள். அமலேக்கியரோடு யுத்தம் நடந்த அன்று, ஜனங்கள் ஜெயிக்கும்படி உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் சோர்ந்துபோயின. கீழே ஒரு கல்லைப் போட்டு அவனை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவன் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை கைகள் நிலையாயிருந்தது என்கிற இடத்தில் எபிரெயச் சொல் எமுனா. விசுவாசத்துக்கும் அந்தச் சொல்தான். தனியாக யாரும் அன்று அந்தக் கையைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூப்பிடவில்லை, நீயே கூப்பிடு. கோயில் பேச்சை அம்மா எடுக்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். பென்சிலோடு வாசிக்கும்போது 9:34ஐயும் 10:1ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவதில் பார்வோனும் அவன் ஊழியக்காரரும் தாங்களே பாரமாக்கிக்கொண்டார்கள். அடுத்ததில் அதே செயலை, அதே சொல்லால், நான்தான் செய்தேன் என்கிறார் கர்த்தர். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் கேள்வி நிற்கிறது. எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அன்புடன்,
அப்பா