புதின் சட்டையை விரித்துக் காட்டிய மேயருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய வோய்ச்சியெக் பாக்குன் அவர்களுக்கு,

வணக்கம். போலந்தின் ப்ஷெமிஷில் நகர மேயரான உங்களுக்குத் தமிழ் தெரியாது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரப்போவதும் இல்லை. ஆனாலும் இதை உங்களுக்குத்தான் எழுதத் தோன்றுகிறது.

2022 மார்ச் 8. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எல்லையோரத்தில் இருக்கும் உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் பெண்கள் குழந்தையும் மூட்டையுமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் வலதுசாரி லேகா கட்சித் தலைவர் மத்தேயோ சால்வினி அகதிகளுக்கு ஆறுதல் சொல்ல அங்கே வந்தார். கேமராக்களுக்கு முன்னால் நீங்கள் ஒரு வெள்ளை டி-ஷர்ட்டை எடுத்து விரித்துப் பிடித்தீர்கள். அதன் நெஞ்சில் புதினின் முகம். அதே மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சால்வினி மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டது ஊரறிந்த செய்தி. உங்கள் நண்பர் செய்த வேலையை வந்து பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டீர்கள். அவர் சட்டையை வாங்கிக்கொள்ளாமல் நகர்ந்துவிட்டார்.

அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைச் செய்தது ஓர் இடதுசாரியாக இருந்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். நீங்களோ குகிஸ்'15 என்ற வலதுசாரி இயக்கத்தின் வழியாக நாடாளுமன்றம் போனவர்.

'நாடுதான் முதலில்' என்று சொல்லும் கட்சிக்கு இன்னொரு நாட்டின் ஆளுங்கட்சியோடு ஒப்பந்தம் எதற்கு? ஆஸ்திரியாவின் வலதுசாரிக் கட்சியான சுதந்திரக் கட்சி 2016 டிசம்பரில் மாஸ்கோவுக்குப் போய், புதினின் ஐக்கிய ரஷ்யா கட்சியோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டது. லேகா 2017 மார்ச்சில் அதையே செய்தது. அடுத்த ஆண்டு மாஸ்கோவின் மெட்ரோபோல் ஓட்டலில் சால்வினிக்கு நெருக்கமான ஒருவர் ரஷ்யர்களோடு உட்கார்ந்து, எண்ணெய் வியாபாரத்தில் கிடைக்கும் தள்ளுபடியைக் கட்சிக்குத் திருப்பிவிடுவது பற்றிப் பேசினார். அந்த ஒலிப்பதிவு 2019-இல் வெளியானது. பணம் கைமாறியதாக நிரூபணமாகவில்லை, மிலான் நகரில் நடந்த வழக்கு விசாரணையும் 2023-இல் முடித்துவைக்கப்பட்டது. இதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

பிரான்ஸ் கதையில் பணம் நிஜமாகவே வந்தது. 2014 மார்ச்சில், ரஷ்யா கைப்பற்றிய உக்ரைனின் கிரிமியாவில் துப்பாக்கி நிழலில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியின் எமரிக் ஷோப்ராத் பார்வையாளராகப் போனார். அதே ஆண்டில், 'முதல் செக்-ரஷ்ய வங்கி' என்ற ரஷ்ய வங்கியிடமிருந்து, மரீன் லெ பென் தலைமையிலான அந்தக் கட்சிக்கு 90 லட்சம் யூரோவுக்கு மேல் கடன் கிடைத்தது. பிரெஞ்சு வங்கிகள் கைவிரித்துவிட்டதால் வெளியே போனோம் என்பது கட்சியின் விளக்கம். அன்றைய சட்டப்படி அது குற்றமும் இல்லை.

ஆனால் அந்தக் கடன் பத்திரம் போன வழியைப் பாருங்கள். 2016-இல் வங்கியின் உரிமம் ரத்தாகிறது. பத்திரம் கார் வாடகை நிறுவனம் ஒன்றின் கைக்குப் போகிறது. அங்கிருந்து விமான உதிரி பாகங்கள் விற்கும் மாஸ்கோ நிறுவனத்துக்குப் போகிறது. பிரான்ஸின் அதிபராக வரத் துடிக்கும் ஒருவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை முடிவு செய்தவர்கள் பிரான்ஸுக்கு வெளியே இருந்தார்கள். 2017 மார்ச்சில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, அவர் கிரெம்ளினில் புதினோடு கைகுலுக்கினார். அந்தப் பணத்தை அடைத்து முடிக்க 2023 ஆனது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கள் வழக்கு. மனிதருக்கு மனிதர் அது நல்ல பண்பு. உப்பிட்டது இன்னொரு நாடாக இருந்தால், வாக்களித்த மக்களை அந்தக் கட்சி எப்போது நினைக்கும்?

பிரான்ஸ் பாடம் படித்தது. 2017-இல் கொண்டுவந்த சட்டம், ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியே உள்ள வங்கிகளிடம் கட்சிகள் கடன் வாங்குவதைத் தடுத்தது. லெ பென் 2022 தேர்தலுக்கு ஹங்கேரிய வங்கி ஒன்றிடம் 1.06 கோடி யூரோ வாங்கினார். அது சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

எல்லாமே இப்படிச் சாம்பல் நிறத்தில் முடிவதில்லை. பிரிட்டனின் நேதன் கில், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது ரஷ்யாவுக்குச் சாதகமாகப் பேச லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு, 2025 நவம்பரில் பத்தரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதைக் கேட்ட கட்சிகளில் இருந்தவர், பின்பு வேல்ஸில் ரிஃபார்ம் கட்சியின் தலைவராகவும் இருந்தவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸின் பிடியிலிருந்து நாட்டை மீட்போம் என்று மேடைகளில் முழங்கிய அரசியல் அது. அதை நம்பி வாக்களித்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அமெரிக்காவோ சீனாவோ ரஷ்யாவோ, எந்த அரசு இன்னொரு நாட்டின் கட்சியைத் தட்டிக்கொடுத்தாலும் என் கேள்வி மாறாது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அணிக்காரர்கள் கூடும் இடத்தில், கட்சிக் கணக்கைத் திறந்து காட்டுங்கள், யாரோடு எந்த ஒப்பந்தம் போட்டீர்கள் என்று படித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டால், நாட்டுப்பற்று இல்லாதவன் கேட்கிறான் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். உங்களை அப்படித் தள்ள முடியாது.

அன்புடன்,
தூரத்திலிருந்து ஒரு தமிழ் வாசகன்