பெயர் எழுதாத தாள்

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "ஜோர்ஜோனே ஜோர்ஜோனே என்று அந்தப் பழைய வெனிஸ் ஓவியரையே படிக்கிறாயே அம்மா, அவர் பெயரில் இருக்கிற பாதிப் படம் அவர் வரைந்ததா என்றே தெரியாதாம், யார் வரைந்தால் என்ன, படம் அதே படம்தானே" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால்தான் கோர்வையாக வரும்.

போன வருடம் வியன்னாவில் உன்னோடு இருந்தபோது அந்தக் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாய், ஞாபகம் இருக்கிறதா? நீ காபி குடிக்கப் போய்விட்டாய், நான் 'லாரா' படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். சிவப்பு மேலங்கி, அதன் ஓரத்தில் மென்மயிர், பின்னால் இருட்டில் லாரெல் இலைகள். சின்னப் படம்தான். ஆனால் ஜோர்ஜோனேவைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் உறுதியான சாட்சிகளில் ஒன்று அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. 1506 ஜூன் 1-ஆம் தேதி, கஸ்தெல்ஃபிராங்கோ ஊர்க்காரர் மாஸ்டர் சோர்சி, ஓவியர் வின்சென்சோ கத்தேனாவின் தொழில் கூட்டாளி, ஜாக்கமோ என்பவர் கேட்டுக்கொண்டதற்காக வரைந்தது என்று பழைய எழுத்தில் எழுதியிருக்கிறது. சோர்சி என்பது வெனிஸ்காரர்கள் அவரைக் கூப்பிட்ட பெயர். அவர் கையெழுத்துப் போட்ட படம் ஒன்றுகூட இல்லாதபோது, அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும், யோசித்துப் பார்.

மனிதர் 1510-இல் இறந்துவிட்டார், கொள்ளைநோய். மாந்துவா சிற்றரசின் அரசி இசபெல்லா தெஸ்தே அந்த அக்டோபரில் வெனிஸில் இருந்த தன் ஆளுக்குக் கடிதம் எழுதி, ஜோர்ஜோனே வரைந்த இரவுக் காட்சி ஒன்று இருக்கிறதாமே, எப்படியாவது வாங்கி அனுப்பு என்று கேட்டாள். அவர் இறந்துவிட்டார், அப்படிப் படம் வைத்திருப்பவர்களும் எந்த விலைக்கும் கொடுக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. சிட்னி பல்கலைக்கழக நூலகத்தில் 1497-இல் அச்சான தாந்தே புத்தகம் ஒன்று இருக்கிறது, அதன் கடைசிப் பக்கத்தில் செப்டம்பர் 17-இல் 36 வயதில் இறந்தார் என்று யாரோ எழுதி வைத்திருந்ததை 2019-இல்தான் வெளியே சொன்னார்கள். ஐந்நூறு வருடம் அந்த வரி மூடிய புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது!

வெனிஸில் ஜெர்மானிய வணிகர்களின் கிடங்குக்கு வெளிச்சுவரில் ஓவியம் தீட்டினார், 1508-இல். கூலியில் தகராறு வந்து, கார்பாச்சோ உள்ளிட்ட ஓவியர்கள் பார்த்து 150 டுகாட் பொற்காசு பெறும் என்றார்கள், கையில் கிடைத்தது 130. இவ்வளவு கணக்கு காகிதத்தில் இருக்கிறது. ஆனால் வேலை? உப்புக்காற்று தின்றது போக மிஞ்சியது, அடையாளம் மங்கிய ஒரு பெண் உருவத் துண்டு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வாழ்ந்த காலம் குறைவு, கையெழுத்து இல்லை, ஆனால் பெயர் மட்டும் பெரியது. அதனால் பிறகு வந்தவர்கள், வெனிஸ் படத்தில் கொஞ்சம் அந்தி வெளிச்சமும் புல்வெளியும் கனவு மாதிரி ஒரு முகமும் இருந்தால் உடனே ஜோர்ஜோனே என்று எழுதிவிட்டார்கள். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வயல்வெளி இசை விருந்துப் படம் நீண்ட காலம் அவர் பெயரில்தான் இருந்தது, இப்போது அங்கேயே, அவரோடு வேலை செய்த இளைய ஓவியர் டிஷியன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வெனிஸ் சான் ரோக்கோவின் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவை, ஜோர்ஜோனே வரலாற்றில் ஜோர்ஜோனே வரைந்தது என்றும், டிஷியன் வரலாற்றில் டிஷியன் வரைந்தது என்றும், ஓவியர்களின் வரலாறுகளை அந்தக் காலத்திலேயே எழுதிய வசாரியே எழுதியிருக்கிறார். நேர்மாறாக நடந்ததும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் 'உறங்கும் வீனஸ்' படம், டிஷியன் படத்தைப் பார்த்து பிற்கால ஓவியர் சசோஃபெராத்தோ செய்த நகல் என்று பட்டியலில் கிடந்தது. 1880-இல் மொரெல்லி என்ற இத்தாலியக் கலை ஆய்வாளர் வந்து, இது ஜோர்ஜோனே என்று எடுத்துச் சொன்னார். மொரெல்லி மருத்துவம் படித்தவர். முகத்தையும் தோரணையையும் யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம், காது மடலையும் விரல் நகத்தையும் ஓவியன் யோசிக்காமல் தன் பழக்கத்தில் வரைந்துவிடுவான், அதைப் பார் என்பது அவர் வழி.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். பெயர் எழுத மறந்த தாளை எடுத்தால், ழகரத்தின் வாலைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவேன். அந்த நம்பிக்கையில்தான் ஒரு தப்பு செய்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பத்தாம் வகுப்புக்கு மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன், பெயரில்லாத ஒரு தாள் அவ்வளவு அழகாக இருந்தது, வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையைத் தவிர யார் எழுதியிருப்பார்கள் என்று அவள் பெயரிலேயே மதிப்பெண் போட்டு வகுப்பில் வாசித்தும் காட்டினேன். அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கு வரவில்லை. எழுதியவள் கடைசி பெஞ்சில் இருந்தாள், வாயே திறக்கவில்லை. வருடக் கடைசியில் அவள் நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன், "நீங்க அவங்கன்னு சொன்னீங்க டீச்சர்" என்றாள். நான் அந்தத் தாளில் எழுத்தைப் பார்க்கவே இல்லை கண்ணா. நன்றாக இருந்ததைப் பார்த்தேன், உடனே எனக்குத் தெரிந்த பெரிய பெயரைக் கொடுத்தேன்.

யார் வரைந்தால் என்ன என்று நீ கேட்டபோது அவள்தான் நினைவுக்கு வந்தாள். நல்லதெல்லாம் ஜோர்ஜோனே என்றால், பக்கத்தில் நின்று வரைந்த இருபதை ஒட்டிய டிஷியன் எங்கே போவான், இன்னொரு இளம் ஓவியன் செபாஸ்டியானோ எங்கே போவான்? ஒரு படத்தை அவர் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள் என்றால் அது வேறொருவருக்குத் திரும்பிப் போகிறது.

இதில் பணமும் புகுந்துவிடுகிறது, அதுதான் எனக்குக் கோபம். இடையர்கள் குழந்தை இயேசுவை வணங்கும் படம் ஒன்று, இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1937-இல் டூவீன் என்ற வியாபாரி அதை வாங்கினார், ஜோர்ஜோனே என்று சொன்னால்தான் பெரிய விலை. கால் நூற்றாண்டாக அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு படங்களுக்கு உறுதி கொடுத்துவந்த கலை நிபுணர் பெரென்சன், இது இளவயது டிஷியன் என்று சொல்லி மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். அதோடு இருவரும் பிரிந்தார்கள். அருங்காட்சியகம் இன்று ஜோர்ஜோனே என்றுதான் சொல்கிறது, பெரென்சன் சொன்னது தப்பாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு முறை அவர் வளையாமல் நின்றது எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லோரையும் விட எனக்குப் பிடித்தவர் மார்க்கந்தோனியோ மிக்கியேல். வெனிஸில் வீடு வீடாகப் போய் யாரிடம் என்ன படம் இருக்கிறது என்று குறித்து வைத்தவர். 1525-இல் தத்தேயோ கொந்தாரினி வீட்டில் மூன்று தத்துவஞானிகள் படத்தைப் பார்த்துவிட்டு, கஸ்தெல்ஃபிராங்கோ ஜோர்ஜோ தொடங்கினார், வெனிஸ் செபாஸ்டியானோ முடித்தார் என்று எழுதினார். அந்த வீனஸுக்கும் அப்படித்தான், நிலக்காட்சியும் காலடியில் இருந்த மன்மதக் குழந்தையும் டிஷியன் முடித்தவை என்றார். அந்தக் குழந்தையை 19-ஆம் நூற்றாண்டில் பூசி மறைத்துவிட்டார்கள், பிறகு எக்ஸ்ரேயில்தான் மறுபடி தெரிந்தது.

மூன்று தத்துவஞானிகள் உன் ஊரில்தான் இருக்கிறது, லாரா இருக்கும் அதே இடத்தில். அடுத்த விடுமுறை நாளில் போய் நிதானமாக நின்று பார். கிழவர், தலைப்பாகைக்காரர், குகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இளைஞன், மூவரின் கைகளையும் தனித்தனியாகப் பார், பாறையையும் தூரத்து நீல மலையையும் பார். எங்கே கை மாறியிருக்கும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அதை எழுது, நானும் இங்கே புத்தகத்தில் இருக்கும் அச்சுப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து என் பதிலை எழுதி வைக்கிறேன், அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்போம். போகும்போது உன் கண்ணாடியை மறந்துவிடாதே, போன முறை மறந்துவிட்டாய்.

அன்புடன்,
அம்மா