பன்னிரண்டு பெட்ஷீட்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

இங்கு எல்லாரும் நலம். உன் மகள் வேலைக்குப் போகிறாள் என்று சொன்னதும் அம்மா நம்பவே இல்லை. “அந்தக் குட்டியா?” என்று மூன்று தடவை கேட்டார். அவருக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை. சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து எதிரே இருக்கும் செம்பனையைக் காட்டி, “அங்கேதான் நான் பால் வெட்டின நிரை இருந்தது” என்பார். ரப்பர் பால்மரம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவர் கண்ணில் மட்டும் இன்னும் நிற்கிறது.

உன் மாணவிகளுக்காகத் தயாரித்த பாடக்குறிப்பை அனுப்பியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அடங்காது. தாமஸும் கில்மனும் 1974-இல் வகுத்த, சண்டையைக் கையாளும் ஐந்து வழி: மோதி ஜெயிப்பது, பணிந்து போவது, கண்டும் காணாமல் இருப்பது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, சேர்ந்து உட்கார்ந்து தீர்ப்பது. படித்துவிட்டுச் சிரித்தேன். நர்ஸாக இருந்து வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டராகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஒரே சண்டையில் இவற்றில் முக்கால்வாசியைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

சண்டை காலை ஏழு மணி பாஸ் ஓவரில், அதாவது டூட்டி கைமாறும்போது, ஆரம்பித்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு விடிவதற்குள் உடம்பு துடைத்து பெட்ஷீட் மாற்றுவது எங்கள் வார்டில் நைட் டூட்டியின் வேலை. அப்படி எட்டுப் பேராவது எப்போதும் இருப்பார்கள். காலைப் பிள்ளைகள் வந்து பார்த்தால் பாதிக் கட்டிலில் நேற்றைய பெட்ஷீட், சிலதில் ஈரம். “ராத்திரி முழுக்கத் தூக்கமா?” என்று இந்தப் பக்கம். “ஒன்பது மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் ரெண்டே பேர் நின்னு பாரு, தெரியும்” என்று அந்தப் பக்கம். இரண்டு சீனியர்களும் நம் பெண்கள்தான். மலாய்ப் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று தமிழில் சண்டை போட்டார்கள். அவர்களுக்கா தெரியாது? முகமே சொல்லிவிடாதா? ஒருநாள் கட்டிலில் இருந்த தோட்டத்துத் தாத்தா ஒருவர், “என்ன மிஸி, லயத்துக் குழாயடி மாதிரி இருக்கு” என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாஸ் ஓவருக்கு எஸ்பார் (SBAR) முறை வைத்திருக்கிறோம். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு கட்டம். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம் அது. நோயாளியின் ரத்த அழுத்தம் முதல் சிறுநீர் அளவு வரை ஒன்றும் விட்டுப்போகாது. பெட்ஷீட்டுக்குத்தான் அதில் கட்டம் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேள். முதல் இரண்டு வாரம் காதில் விழாத மாதிரி இருந்தேன். அப்புறம் மீட்டிங் போட்டு, நைட் ஆட்களுக்கு நல்ல டோஸ் கொடுத்தேன். அது ஒருதலைப்பட்சம் என்று மேட்ரன் வரைக்கும் பேச்சு போனதும், பயந்துபோய்ப் பங்கு பிரித்தேன்: நான்கு கட்டில் நைட்டுக்கு, மிச்சம் காலைக்கு. இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும் என்று எனக்குள் ஒரு திமிர் வேறு.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வருகிறேன். ஐந்தாவது கட்டிலில் ஒரு பெரியவர் நனைந்த பெட்ஷீட்டில் கிடக்கிறார். கூப்பிட்டு மணி அடிக்கவும் முடியாத மனிதர். நைட் பெண்ணைப் போனில் கேட்டால், “அது காலைக் கணக்கு சிஸ்டர்” என்றாள். காலைப் பெண்ணைக் கேட்டால், “ராத்திரி நனைஞ்சது, அவங்க கணக்கு” என்றாள். யாரைத் திட்ட? கணக்குப் போட்டுக் கொடுத்ததே நான். அவரை நானே துடைத்து மாற்றிவிட்டேன். கை வேலை செய்தது, மனம் கூசிக்கொண்டே இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் புலம்பினேன். அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, “எங்க லயத்திலும் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் குழாயடியில் சண்டைதான். வேலை மேய்க்கிற தண்டல் வந்து கத்திட்டுப் போவார். தண்ணி வர்ற நேரத்துக்கு மட்டும் அவர் ஒருநாளும் வந்ததில்லை” என்றார். சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றப் போய்விட்டார். எனக்குத்தான் தொண்டையில் நின்றது. எனக்கு ஆபீஸ் நேரம். காலைப் பெண்கள் சொல்வதுதான் என் காதில் விழும். நைட் ஆட்கள் வாய் திறப்பதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மறுநாள் நாலரை மணிக்கே வார்டுக்குப் போய் நின்றேன். ஈப்போ ரோட்டில் அந்த நேரத்தில் லாரிகள்தான் துணை. நைட் சீனியர் என்னைப் பார்த்ததும் முதலில் பயந்தாள், அப்புறம் கோபப்பட்டாள், உளவு பார்க்க வந்தேன் என்று. ஒன்றும் பேசாமல் அவளோடு சேர்ந்து துடைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது கட்டிலோடு அலமாரி காலி. கதவை அகலத் திறந்து காட்டி, “இனி எதை விரிக்க, சொல்லுங்க சிஸ்டர்?” என்றாள். சலவை லாரி வருவது ஏழரைக்கு.

பகலில் தேடினேன். டிரெஸ்ஸிங் அறை அலமாரியில், பஞ்சுக் கட்டுகளுக்குப் பின்னால், அழகாக மடித்து ஒன்பது பெட்ஷீட்! காலைப் பிள்ளைகள் ஒளித்தது. மதியம் புது அட்மிஷன் வந்தால் விரிக்க இல்லையே என்ற பயம். நைட் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தலையணை உறைகள் அவர்கள் லாக்கரில் இருந்தன. அடுத்தவர் தீர்த்துவிடுவார் என்று ஆளாளுக்குப் பதுக்கல். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்புறம்தான் நால்வரைப் பேன்ட்ரியில் உட்கார வைத்தேன், மைலோ கலக்கிக் கொடுத்து. இரண்டு சீனியர்கள், சாயங்கால டூட்டிப் பெண் ஒருத்தி, சலவை மூட்டை தள்ளும் அட்டெண்டன்ட் அக்கா. யார் சோம்பேறி என்ற பேச்சையே எடுக்கவில்லை, எத்தனை பெட்ஷீட் எத்தனை மணிக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அட்டெண்டன்ட் அக்கா மெதுவாக, “மத்தியானம் மூணு மணிக்கு லாரி இன்னொரு நடை வருதே. முந்தின நாளே எழுதிக் கொடுத்தா நமக்கும் இறக்குவாங்க” என்றார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். “யார் கேட்டா?” என்றார்.

இப்போது சாயங்கால டூட்டி ஒன்பது மணிக்குள் பன்னிரண்டு பெட்ஷீட்டை எண்ணி டிராலியில் வைத்து, பாஸ் ஓவரில் அதையும் சொல்கிறது. இரண்டு மாதத்தில் இரண்டு முறைதான் பெட்ஷீட் பற்றாமல் போனது. அந்த இருவரும் தோழிகளாகிவிடவில்லை, இப்போது ஏர்கான் பற்றிச் சண்டை.

உன் குறிப்பில் மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலட்டின் ஜன்னல் கதை இருந்ததே, அதை இரண்டு முறை படித்தேன். ஹார்வர்ட் நூலகத்தில் ஒருவருக்கு ஜன்னல் திறக்க வேண்டும், ஃபாலட் அம்மாவுக்கு மூட வேண்டும். கடைசியில் பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வந்தது, இவர் மேல் வாடை படவில்லை. 1925-இலேயே சொல்லிவிட்டாராம். இதை நடத்தும்போது என் ஐந்தாவது கட்டிலையும் சொல், ஆஸ்பத்திரி பேர் மட்டும் வேண்டாம்.

தீபாவளி ரோஸ்டர் விஷயமும் இருக்கிறது. நம் பெண்கள் ஆறு பேர், நான்கு பேருக்குத்தான் லீவு தர முடியும். நான் முடிவு செய்யாமல், அன்று வேலைக்கு வருபவர்கள் பெயர் எழுதட்டும் என்று வெறும் தாளைப் பேன்ட்ரியில் ஒட்டிவிட்டேன். முதலில் ஒரு மலாய்ப் பெண், ராயா பெருநாளுக்குப் பதில் என்று மலாயில் எழுதித் தன் பெயரைப் போட்டாள். அப்புறம் நைட் சீனியர், தைப்பூசத்துக்கு லீவு வேண்டும் என்ற நிபந்தனையோடு. காலை டூட்டிக்கு என் பெயரை நானே எழுதிக்கொண்டேன்.

அதனால் நீ மத்தியானத்துக்கு மேல் வா. அதிரசம் கொண்டு வா, அம்மாவுக்கு முறுக்கு கடிக்க முடியவில்லை.

அன்புடன்,
ராஜி